பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே: பெரிய வீட்டுக்கு மெஷ் வைஃபை

காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வானம் பார்த்த முற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. நெட் இணைப்புக் கொடுக்க வந்தவர் ரவுட்டரை முகப்பு அறையில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். சிங்கப்பூரில் இருக்கும் பேரன் வீடியோ காலில் கூப்பிட்டால், பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவ்வளவு தூரம் நடந்து வர வேண்டும். "மெஷ், அதாவது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல வைஃபை பெட்டிகள், வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?" என்று அண்ணன் கேட்டார்.

சரியாகும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால், அலை அந்த வீட்டுக்குள் என்ன பாடுபடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வைஃபை ஒரு ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸில் 6 செ.மீ. அளவுதான். 5-இல் வேகம் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். வெட்டவெளியிலேயே தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் சக்தி கால் பங்காகிவிடும். நடுவில் ஒன்றரை அடி செங்கல் சுவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். அலை சாய்வாக நுழைந்தால் சுவருக்குள் கடக்கும் தூரமும் கூடும். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையை வந்த பக்கமே திருப்பி அனுப்பிவிடும்.

அப்படியானால் எட்டு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டர் ஒன்றே போதாதா? போதாது. வைஃபை என்பது இரண்டு பேர் பேசிக்கொள்வது. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், சின்ன பேட்டரியில் ஓடும் போன் பதிலுக்கு முணுமுணுப்பது அதன் காதில் விழ வேண்டுமே!

மெஷ்ஷில் இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் வைஃபை தருகின்றன. முகப்பிலிருந்து அடுப்படிக்கு நடந்தால் போன் ஒரு பெட்டியை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு உதவத்தான் 802.11கே, வி, ஆர் என்ற தரநிலைகள் இருக்கின்றன. ஆனாலும் பெட்டி யோசனைதான் சொல்லும். மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது போன். பழைய போன் சில நேரம் தூரத்துப் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

நாங்கள் முதலில் தப்புத்தான் செய்தோம். சிக்னல் இல்லாதது அடுப்படியில்தானே என்று இரண்டாவது பெட்டியை அங்கேயே வைத்தோம். போனில் எல்லாக் கோடுகளும் நிறைந்து நின்றன. பேரன் முகமோ அப்படியே உறைந்து நின்றது. காரணம் எளிது. அந்தக் கோடுகள் போனுக்கும் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள உறவைத்தான் காட்டும். அந்தப் பெட்டி முகப்புப் பெட்டியோடு எப்படிப் பேசுகிறது என்பதைக் காட்டாது. அந்த இணைப்புக்கு பேக்ஹால் என்று பெயர். மெஷ் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைப் பட்டைகள் மட்டும் உள்ள மலிவான மெஷ்ஷில், போனோடு பேசுவதும் அடுத்த பெட்டியோடு பேசுவதும் பெரும்பாலும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் சேனலில் நடக்கும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வாங்கியதைத் திருப்பிச் சொல்லவே பாதி நேரம் போய்விடுவதால், வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூன்று பட்டைகள் உள்ளதில் ஒன்றைப் பெட்டிகளின் பேச்சுக்கென்றே ஒதுக்கிவைக்கலாம். வைஃபை 7 பெட்டிகள் பல பட்டைகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பயன்படுத்தும். எல்லாம் நல்லதுதான், ஆனால் நடுவில் தடித்த சுவர் நின்றால் இவையும் திணறும். எங்கள் வீடு மாதிரி வீட்டில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கேபிள்தான் சரி. சாதாரண கேட் 6 கேபிளில் 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் வேகம் போகும். பெட்டியின் பின்னால் உள்ள போர்ட்டும் 1 ஜிகாபிட்டா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த சிலவற்றில் 100 மெகாபிட்தான் இருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள். அது சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும்; பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வர பலம் அதிகம். மைனஸ் 67 வரை இருந்தால் வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் நம்ப முடியாது. இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்த இடத்தில் வைக்காமல், இன்னும் நன்றாக இருக்கிற கடைசி இடத்தில் வைக்க வேண்டும். எங்களுக்கு அது வளவுத் தூண். வானம் பார்த்த முற்றத்தில் சுவர் இல்லை, அலை தாராளமாகப் போகிறது. அங்கிருந்து உத்தரத்தின் ஓரமாகக் கேபிள் இழுத்து மூன்றாவது பெட்டியை அடுப்படி வாசலில் வைத்தோம். மாடி வீடு என்றால் கான்கிரீட் தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பெட்டி வைத்துப் பாருங்கள், படிக்கட்டு வழியாகவே அலை ஏறிவிடும்.

இன்னொன்று. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் லைட், ஃபேனுக்கு மட்டும்தான் போகும். கரண்ட் போனால் நடுப்பெட்டி அணையும். அதை நம்பியிருக்கும் பின்பெட்டி எரிந்துகொண்டே இருந்தாலும் நெட் வராது. எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, வளவுத் தூண் பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்தோம். பெரியம்மா இப்போது பேரனோடு பேசிக்கொண்டே குழம்பைத் தாளிக்கிறார்.