போக்சோ தீர்ப்புக்குப் பிறகு: கட்டைப்பையில் இல்லாத தாள்

"சார், மேல போனா அந்தப் பொண்ண மறுபடி கூப்பிட்டு விசாரிப்பாங்கள்ல?" பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் மகனுக்குத் தண்டனையான மறுவாரம், வக்கீலான என்னைத் தேடி வந்த ஒரு தாயின் முதல் கேள்வி. கையிலிருந்த ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் ஜாமீன் மனு முதல் யாரோ எழுதிக்கொடுத்த புகார் வரை இருந்தன. தீர்ப்பு நகல் மட்டும் இல்லை.

விசாரிக்க மாட்டார்கள், அம்மா. உயர் நீதிமன்றம் பார்ப்பது, கீழே பதிவான சாட்சியத்தையும் ஆவணங்களையும்தான். கூடுதல் சாட்சியத்தை அனுமதிப்பது அபூர்வம்.

தீர்ப்பு நகலைத் தண்டனை பெற்றவருக்கு நீதிமன்றமே இலவசமாகத் தர வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கெடு 60 நாள்; மரண தண்டனையென்றால் 30. சான்றிட்ட நகல் தயாராக ஆன நாள்கள் இதில் சேராது. ஆகவே விண்ணப்பித்த தேதியும் தயாரான தேதியும் முத்திரையாகப் பதிந்த தாளைத் தொலைத்துவிடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் சிறை அதிகாரி மூலமே மேல்முறையீடு அனுப்பலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் ஏற்பாடு செய்யும்.

வழக்குக் கட்டைத் திறந்ததும் நான் தேடுவது பாதிக்கப்பட்ட பிள்ளையின் வயதுக்கான ஆவணத்தை. பல வழக்குகளில் பள்ளி டி.சி.யை மட்டும் வைத்து நடத்தியிருப்பார்கள். சிறார் நீதிச் சட்டம் 94-வது பிரிவு கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லாவிட்டால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று. அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், டி.சி. இதில் சேராது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை ரத்து செய்தது. ஆனால் வயது சரியாக நிரூபணமாகி, பிள்ளையின் சாட்சியமும் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும். அப்படிப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவர் வீட்டாரிடம் பொய் நம்பிக்கை கொடுத்துக் கட்டணம் வாங்குவது எனக்குப் பிடிக்காது.

அடுத்து, சம்பவ தேதி. கடுமையான ஊடுருவல் பாலியல் தாக்குதலுக்கான போக்சோ 6-வது பிரிவின் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டிலிருந்து 20 ஆனது 16.08.2019 முதல். அதற்கு முந்தைய சம்பவத்துக்குப் புதிய தண்டனையை விதித்திருந்தால் அது நிற்காது.

மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்திவைக்கத் தனி மனு போட வேண்டும். குற்றத்துக்கான தண்டனை 10 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புத் தந்த பிறகே முடிவாகும்.

கிளம்பும்போது அந்த அம்மா தணிந்த குரலில் கேட்டார்: "பொண்ணு வீட்ல பேசிப் பாக்கவா சார்?" வேண்டவே வேண்டாம் என்றேன். இது சமாதானமாகக்கூடிய குற்றமில்லை. அந்தத் தெருவில் கால் வைத்தால், மிரட்டியதாக இன்னொரு வழக்கும் வரும். நாளைக் காலை நகல் பிரிவுக்குப் போகச் சொல்லி, வழக்கு எண்ணை அவர் பையின் மேலேயே எழுதிக்கொடுத்தேன்.