பட்டாவில் 0.12.50 என்று இருந்தால் அது பன்னிரண்டரை சென்ட் இல்லை

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், பிளாஸ்டிக் கவரில் நாலாக மடித்த பட்டாவோடு என்னிடம் வந்தார். அப்பா காலத்துப் பத்திரத்தில் 31 சென்ட். பட்டாவில் 0.12.50. "பாதிக்கு மேல நிலம் போயிருச்சு தம்பி, சேர்த்துத் தர்றேன்னு ஒருத்தர் அஞ்சாயிரம் வாங்கியிருக்கார்" என்றார். போனில் பெருக்கிக் காட்டினேன். பட்டாவில் இருப்பது சென்ட் இல்லை, ஏர் என்ற மெட்ரிக் அளவு. 12.50 ஏர் என்றால் 30.9 சென்ட். அவர் நிலம் எங்கேயும் போகவில்லை, போனது அஞ்சாயிரம்தான். பட்டா நகல் வாங்க அலுவலகத்துக்கு அவர் எத்தனையோ தடவை போயிருக்கிறார், இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி இவ்வளவுதான். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது, கடையில் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது. நிலத்துக்கு அது தாமதமாக வந்தது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவு மேம்பாட்டில்தான் கிராமக் கணக்கெல்லாம் ஏக்கர், சென்ட்டிலிருந்து ஹெக்டேர், ஏருக்கு மாறியது. பத்திரமும் பேச்சும் சென்ட்டிலேயே நின்றுவிட்டன. வம்பெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

பட்டாவில் முதல் எண் ஹெக்டேர், அடுத்தது ஏர். 0.12.50 என்றால் பூஜ்யம் ஹெக்டேர், பன்னிரண்டரை ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஏரை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட் வந்துவிடும். ஒரு ஏக்கர் 40.47 ஏர், அதனால் பட்டாவில் 0.40.50 என்று பார்த்தால் ஏக்கர் நிலம் என்று வைத்துக்கொள்ளலாம். பல பட்டாக்களில் கடைசி இரண்டு இலக்கம் 00 அல்லது 50 என்றே முடியும். பழைய அளவை மாற்றும்போது ரவுண்டு செய்துவிட்டார்கள். அதனால் வரும் கால் சென்ட், அரை சென்ட் வித்தியாசத்துக்கு யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். நிலம் விற்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பட்டாவைப் பார்த்து "பன்னிரண்டரை சென்ட்தானே" என்று விலை பேச வருகிறவர் தெரியாமல் பேசுகிறார் என்று நம்பிவிடாதீர்கள்.

ஆனால் அதே அரை சென்ட் சலுகை வாங்கும் இடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். சிறு விவசாயிக்கு வரம்பு தமிழ்நாட்டில் 5 ஏக்கர், மத்திய அரசின் விளக்கத்தில் 2 ஹெக்டேர். இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் பேசுகிறோம், ஆனால் ஒன்றில்லை. 5 ஏக்கர் என்பது 2.02.34 ஹெக்டேர். அது பட்டாவில் 2.02.50 என்று ஏறியிருந்தால் கணக்குப்படி 5.004 ஏக்கர். வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட ஒரு ஆளுக்கு அது போதும். சொட்டுநீர்ப் பாசனத்தில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. கால்வாசிச் செலவு உங்கள் தலையில் விழுவது அரை சென்ட்டுக்கும் குறைவான ஒரு ரவுண்டினால். அதனால் வரம்பை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் சிறு விவசாயி சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதே ஏக்கரில் எழுதிய மூலப்பத்திர நகலையும் சேர்த்துக் கொடுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு மேலே எங்கும் போக முடியாது.

இதைவிட அதிகம் பேர் விழும் குழி கூட்டுப் பட்டா. நாலு அண்ணன் தம்பிக்குச் சேர்த்து 3.24.00 ஹெக்டேர், அதாவது 8 ஏக்கர். ஆளுக்கு 2 ஏக்கர்தான், ஆனால் பட்டாவில் எல்லார் பெயருக்கும் எதிரே நிற்பது மொத்த அளவு. பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கும்வரை ஒவ்வொரு சலுகைக்கும் இந்தக் கதையை ஒவ்வொரு மேஜையிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலிச் சண்டைக்கு வருவோம். பழைய புல வரைபடத்தில் ஒரு பக்கத்துக்கு 120 என்று இருக்கும், புதியதில் 24.1. பக்கத்து நிலத்துக்காரர் பழைய நகலை ஆட்டிக்கொண்டு வருவார். பழையது லிங்க் கணக்கு. 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர் சொச்சம். புதியது மீட்டர். இரண்டும் ஒரே நீளம்தான். இதைச் சொல்லியும் கேட்கவில்லை என்றால் எஃப் லைன் மனு, அதாவது எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனு போட்டு அளக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் கட்டணம் கட்டிய ரசீது கையில் இருக்கட்டும். அளவர் வரும்போது சர்வே கல்லிலிருந்து அளக்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள், வரப்பிலிருந்து ஆரம்பித்தால் அந்த அளவுக்கு மதிப்பில்லை.

நிஜமாகவே அளவு குறைந்திருந்தால், அதாவது 31 சென்ட்டுக்கு 0.08.00 என்று இருந்தால், அதைச் சாதாரணப் பட்டா மாறுதல் மனுவாகப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்துத் தள்ளுபடி என்று வரும். மனுவின் தலைப்பிலேயே யு.டி.ஆர். பதிவுத் திருத்தம் என்று எழுதுங்கள். பழைய அ-பதிவேட்டின், அதாவது கிராமத்து நில விவரப் பதிவேட்டின் நகல் வேண்டும். "ரெக்கார்டு ரூமில் இல்லை" என்பார்கள். உடனே பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வட்டாட்சியரிடம் போ என்பார், அங்கே போனால் அளவர் அறிக்கை எங்கே என்பார்கள், அளவர் மீண்டும் கிராம நிர்வாக அலுவலரைக் காட்டுவார். இந்தச் சுற்றில் மாட்டாமல் இருக்க ஒரே வழி, மனுவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குவது. ஆண்டுதோறும் கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும் நாளில் அதே மனுவின் நகலை அங்கேயும் கொடுங்கள்.

அப்புறம், இனி எழுதும் எந்தப் பத்திரத்திலும் சென்ட், ஏர் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், நான்கெல்லையையும் விடாதீர்கள். வீட்டு மனையானால் சதுர அடியோடு சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி, 2400 சதுர அடி மனைக்கு 223 என்று வரும். பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் அரசின் இ-சேவைகள் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அந்தப் பெரியவர் கொடுத்த அஞ்சாயிரம் இன்னும் திரும்பி வரவில்லை.