ஆறு ஃபேன், இரண்டு ஹெடர்: கரண்ட் எங்கிருந்து, கட்டளை எங்கிருந்து?

இப்போது வரும் கம்ப்யூட்டர் கேபினட்களில் முன்பக்கம் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று என்று ஆறு ஃபேன் வைப்பது சாதாரணமாகிவிட்டது. விலை குறைந்த மதர்போர்டில் சி.பி.யூ. கூலருக்கு ஒரு ஹெடர் (ஃபேன் வயரைச் சொருகும் பின் வரிசை), கேபினட் ஃபேனுக்கு இரண்டு ஹெடர், அவ்வளவுதான். மீதி நான்கை எங்கே சொருகுவது என்ற கேள்வி வரும்போது, கையில் கிடைத்த ஸ்ப்ளிட்டரை (ஒரு ஹெடரைப் பல முனைகளாகப் பிரிக்கும் வயர்) ஒன்றுக்குப் பின் ஒன்றாக மாட்டி ஒப்பேற்றிவிடுகிறார்கள். சில மாதம் ஓடும். பிறகு ஒருநாள் அந்த ஹெடரில் எந்த ஃபேனை மாட்டினாலும் சுற்றாது. அதை இயக்கும் சிறிய சிப் எரிந்திருக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், மதர்போர்டில் ஒரு ஹெடரை இழப்பது வீண் நஷ்டம்.

ஃபேனுக்கு இரண்டு விஷயம் தேவை. ஒன்று கரண்ட், இன்னொன்று எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்ற கட்டளை. இரண்டும் ஒரே வயர்க்கட்டில் வருவதால் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஆறு என்ன, பத்து ஃபேனையும் பயமில்லாமல் மாட்டலாம்.

நான்கு பின் ஹெடரில் முதல் பின் எர்த், அதாவது கிரவுண்ட். இரண்டாவது 12 வோல்ட். மூன்றாவது ஃபேன் திருப்பி அனுப்பும் வேகக் கணக்கு. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் அது மதர்போர்டுக்குச் சொல்லும். நான்காவதுதான் பி.டபிள்யூ.எம். கட்டளை. இந்த நான்காவது வயரில் சிக்னல் நொடிக்கு சுமார் 25,000 முறை அணைந்து எரிகிறது. மனிதக் காது கேட்கும் எல்லை 20,000 என்பதால் அந்தச் சத்தம் நமக்குக் கேட்காது. ஃபேனுக்குப் போகும் 12 வோல்ட் மாறுவதே இல்லை. எவ்வளவு நேரம் எரிகிறது, எவ்வளவு நேரம் அணைகிறது என்ற விகிதத்தை வைத்து ஃபேன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நான்காவது வயர் அறுந்தாலோ கழன்றாலோ ஃபேன் நிற்காது, முழு வேகத்துக்குப் போய்விடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ‘நேற்றுவரை அமைதியாக இருந்தது, இன்று காலை முதல் ஒரே இரைச்சல்’ என்றால் முதலில் அந்த வயரைப் பாருங்கள்.

மூன்று பின் ஃபேனுக்கு இந்த நான்காவது வயர் கிடையாது. அதன் வேகத்தைக் குறைக்க வோல்டேஜைத்தான் குறைக்க வேண்டும். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், அந்த ஹெடரை ‘டிசி’ என்று மாற்றினால் மதர்போர்டு 12 வோல்ட்டை 7, 8 என்று இறக்கித் தரும். ‘பி.டபிள்யூ.எம்.’ என்றே விட்டுவைத்தால் ஃபேன் எப்போதும் முழு வேகம்தான். ‘ஆட்டோ’ என்று ஒன்றும் இருக்கும். ஒரே ஒரு ஃபேன் இருந்தால் அது பெரும்பாலும் சரியாகக் கண்டுபிடிக்கும். ஸ்ப்ளிட்டரோ ஹப்போ (பல ஃபேன்களை மாட்டும் சிறிய பெட்டி) நடுவில் வந்தால் அதை நம்பாமல் கையால் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கணக்குக்கு வருவோம். ஃபேனின் நடுவட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பொருத்துவதற்கு முன் அதைப் படியுங்கள். பொருத்திவிட்டால், வெளியே தள்ளும் ஃபேன்களில் அது கேபினட் சுவரின் பக்கம் போய்விடும். ‘12வி, 0.18ஏ’ என்று இருக்கிறதென்றால் அது முழு வேகத்தில் 0.18 ஆம்பியர் இழுக்கும். மதர்போர்டின் சாதாரண ஃபேன் ஹெடர் பெரும்பாலும் 1 ஆம்பியர், அதாவது 12 வாட் வரை தாங்கும். சரியான எண் போர்டின் மேனுவலில் இருக்கும். ஆனால் அந்த ஒன்றை முழுதாகப் பயன்படுத்தக் கூடாது. நின்றிருக்கும் ஃபேன் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடக் கூடுதலாக இழுக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எல்லா ஃபேனும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. எனவே ஸ்டிக்கர் எண்களைக் கூட்டினால் 0.7, அதிகம் போனால் 0.8 ஆம்பியருக்குள் நிற்க வேண்டும்.

மேலே சொன்ன கேபினட்டில் ஆறும் 0.18 ஆம்பியர் ஃபேன் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க மூன்றுக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர், முதல் ஹெடர்: 0.54. மேலே இரண்டும் பின்னால் ஒன்றும் சேர்த்து இன்னொரு ஸ்ப்ளிட்டர், இரண்டாவது ஹெடர்: 0.54. வேலை முடிந்தது, ஹப்பே வாங்க வேண்டாம். இதே ஃபேன்கள் 0.35 ஆம்பியர் என்றால் மூன்று சேர்ந்து 1.05 ஆகிவிடும், அப்போது ஸ்ப்ளிட்டர் கூடாது. ஃபேன் எத்தனை என்று எண்ணி முடிவெடுக்காதீர்கள், ஆம்பியரைக் கூட்டி முடிவெடுங்கள். பழைய சர்வரில் கழற்றிய கனமான ஃபேன்கள் சில தனியாகவே 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை மதர்போர்டு ஹெடரில் சொருகவே வேண்டாம்.

நல்ல ஸ்ப்ளிட்டரைக் கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம். ஃபேனை மாட்டும் முனைகளை உற்றுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் நான்கு பின்னும் இருக்கும். மற்றவற்றில் மூன்றாவது பின் இருக்காது. அது தயாரிப்புக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் உண்டு. வேண்டுமென்றேதான் எடுத்திருக்கிறார்கள். இரண்டு ஃபேனின் வேகக் கணக்கும் ஒரே வயரில் சேர்ந்தால் துடிப்புகள் கலந்து, 1,200 சுற்று ஓடும் ஃபேனை பயாஸ் 2,300 என்றும் 400 என்றும் மாறி மாறிக் காட்டும். நான்கு பின்னும் உள்ள முனையில் எந்த ஃபேனை மாட்டுகிறோமோ, அதன் வேகம் மட்டும்தான் தெரியும். மற்றது நின்றுபோனாலும் திரையில் தெரியாது. மாதம் ஒருமுறை பக்கக் கண்ணாடி வழியாக எல்லா ஃபேனும் சுற்றுகிறதா என்று நேரில் பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

ஹப் எப்போது?

ஆம்பியர் கூட்டல் எல்லை தாண்டினால், அல்லது எட்டு பத்து ஃபேன் என்றால், சாட்டா பவர் (ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் தட்டையான பவர் கனெக்டர்) எடுக்கும் ஹப் வேண்டும். இதில் கரண்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து, அதாவது பவர் சப்ளை பெட்டியிலிருந்து, நேராக வருகிறது. மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய வயரில் கட்டளை மட்டும் வருகிறது. ஹெடருக்குச் சுமையே இல்லை. சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். பத்து சாதாரண ஃபேனுக்கு இது தாராளம்.

ஹப்பில் வரும் புகார்கள் ஏறக்குறைய மூன்றே வகை. மூன்று பின் ஃபேனைக் கொண்டுபோய் ஹப்பில் மாட்டுவது முதலாவது. பெரும்பாலான ஹப் நேரான 12 வோல்ட்டைத்தான் தரும், வோல்டேஜை இறக்காது. ஆகவே அந்த ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் கத்தும். இரண்டாவது, ஹப்பை மாட்டிய ஹெடர் ‘டிசி’யில் இருப்பது. ஹப்புக்குக் கட்டளையே போகாததால் எல்லா ஃபேனும் ஒன்றாகக் கத்தும். பயாஸில் ‘பி.டபிள்யூ.எம்.’ என்று மாற்றினால் அடுத்த நொடியே அடங்கும். மூன்றாவது, ஹப்பின் முதல் போர்ட்டைக் காலியாக விடுவது. வேகக் கணக்கு அதிலிருந்து மட்டும்தான் மதர்போர்டுக்குப் போகும். ஹப்பை சி.பி.யூ. ஃபேன் ஹெடரில் மாட்டி, முதல் போர்ட்டைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ‘சி.பி.யூ. ஃபேன் எரர்’ என்று நின்றுவிடும். சி.பி.யூ. ஹெடரை கூலருக்கு மட்டும் விடுங்கள். வாட்டர் கூலர் பம்ப்புக்கான ஹெடர் 2 அல்லது 3 ஆம்பியர் தரும் என்பதைப் பார்த்து அதில் ஃபேன்களை மாட்டுகிறார்கள். மாட்டலாம், ஆனால் அது பெரும்பாலும் முழு வேகத்தில் வைக்கப்பட்டிருக்கும், பயாஸில் மாற்ற வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சாட்டா வயர் மிச்சமில்லை என்று மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் பவர் கனெக்டர்) சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். அடாப்டரின் சாட்டா முனை, வயரோடு சேர்த்து ஒரே வார்ப்பாக வார்த்த பிளாஸ்டிக் கட்டியாக இருந்தால் வாங்காதீர்கள். வார்க்கும்போது உள்ளே கம்பிகள் நகர்ந்து, 12 வோல்ட்டும் கிரவுண்டும் மயிரிழையில் நெருங்கி நிற்கக்கூடும். நாளடைவில் அங்கே கரி படிந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும். முழு ஷார்ட் ஆகாததால் எஸ்.எம்.பி.எஸ். தானாக நிற்காமலும் போகலாம். மஞ்சள் வயர் கனெக்டருக்குள் நுழையும் இடம் பழுப்பாகியிருப்பதும், மீன் கருகியது போன்ற வாடையும் முன்னறிகுறிகள். வயர்கள் ஒவ்வொன்றாகப் பின்னில் அழுத்திப் பொருத்தி, பின்பக்க மூடி தனியாகத் தெரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

மோலெக்ஸில் மஞ்சளையும் (12 வோல்ட்) சிவப்பையும் (5 வோல்ட்) பிடித்து 7 வோல்ட் எடுக்கும் பழைய தந்திரம் இன்னும் சிலரால் சொல்லப்படுகிறது. அப்படிச் செய்தால் ஃபேனின் கரண்ட் 5 வோல்ட் வரிசைக்குள் திரும்பிப் போகிறது. ஹெடரிலேயே வேகம் குறைக்க வழியிருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

வண்ண விளக்கு ஃபேன்களில் ஃபேன் வயர் வேறு, விளக்கு வயர் வேறு. விளக்கு வயரில் ஏ.ஆர்.ஜி.பி. (ஒவ்வொரு விளக்கும் தனி நிறம் காட்டும் வகை) என்பது 5 வோல்ட், மூன்று பின், பழைய ஆர்.ஜி.பி. 12 வோல்ட், நான்கு பின். முன்னதைப் பின்னதில் திணித்தால் விளக்குகள் அந்தக் கணமே போய்விடும். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகச் செட்டாகக் கிடைக்கும் ஃபேன்களில் ஆறு பின் கனெக்டர் இருந்தால், அது அதனோடு வரும் கண்ட்ரோலர் பெட்டியில் மட்டுமே வேலை செய்யும். மதர்போர்டு அவற்றின் வேகத்தைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன் கடையில் கேட்டுவிடுங்கள்.

வேகத்தை எப்படி வைப்பது?

வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஃபேனின் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும். அதே வேகத்தில் ஃபேன்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். இரண்டு ஃபேனை விரட்டுவதைவிட ஐந்து ஃபேனை மெதுவாக ஓட்டுவது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகம் என்று காட்டும் ஃபேன் வரைகோடுகளில், இணையத்தில் கிடைக்கும் பல 30 டிகிரியில் ஏறத் தொடங்கும். குளிர்நாட்டு அறைக்கு அது சரி. மே மாதம் ஏ.சி. இல்லாத அறையே 36 டிகிரி இருக்கும் நம் ஊரில், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் ஃபேன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சி.பி.யூ. வெப்பம் 50 டிகிரி வரை 35 சதவீதம், 65-இல் 50, 75-இல் 70, 85-இல் 100 என்று தொடங்கிப் பாருங்கள். பிரவுசரைத் திறந்தாலே சி.பி.யூ. ஒரு நொடியில் 15 டிகிரி எகிறும். ஃபேனும் கூடவே எகிறாமல் இருக்க, பயாஸில் வேகம் ஏறும் இறங்கும் நேரத்தைச் சில நொடிகள் தள்ளிவையுங்கள். கேம் ஆடுகிறவர்களுக்குச் சூடு வருவது கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து. பெரும்பாலான பயாஸ் அதைப் பார்ப்பதில்லை. விண்டோஸில் ‘ஃபேன் கண்ட்ரோல்’ என்ற இலவச மென்பொருளால் கேபினட் ஃபேன்களை கார்டின் வெப்பத்தோடு இணைக்கலாம். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் நிறுவி ‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’ ஓட்டினால், எந்த ஹெடர் எந்த ஃபேனை இயக்குகிறது என்று அதுவே நிறுத்திப் பார்த்துச் சொல்லும்.

குறைந்தபட்ச வேகத்தை ஊகத்தில் வைக்காதீர்கள். ஐந்தைந்து சதவீதமாக இறக்கி, ஃபேன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு மெல்ல ஏற்றி, எங்கே மறுபடி கிளம்புகிறது என்று பாருங்கள். கிளம்பும் எண் நிற்கும் எண்ணைவிடக் கூடுதலாக இருக்கும். அதற்கு மேல் ஐந்து சதவீதம் சேர்த்து அடிமட்டமாக வையுங்கள். உள்ளே இழுக்கும் முன்பக்க மூன்றை, வெளியே தள்ளும் மேல், பின்பக்க மூன்றைவிடக் கொஞ்சம் வேகமாக வைத்தால் காற்று ஃபில்டர் வழியாக மட்டுமே உள்ளே வரும். இடுக்குகளில் தூசி ஏறாது. இரண்டு கூட்டத்தையும் தனித்தனி ஹெடரில் பிரித்ததன் பலன் இங்கேதான் கிடைக்கிறது.

புளோயர் போட்டுத் தூசி அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது டைனமோ போலச் சுற்றி ஹெடருக்குள் கரண்டைத் திருப்பி அனுப்பக்கூடும், பேரிங்கும் தேயலாம். எல்லாம் மாட்டி முடித்ததும் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஹப்புக்கு வரும் சாட்டா கனெக்டரையும் ஸ்ப்ளிட்டர் முனையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால்கூட அந்த இணைப்பை மாற்றிவிடுங்கள்.