நியூஸ்லெட்டர் தொடங்கப் போகிறீர்களா? மெயில் முகவரி லிஸ்ட்டை விலைக்கு வாங்காதீர்கள்

"இன்வாய்ஸ் அனுப்பினால் வாடிக்கையாளரின் ஸ்பேமுக்குப் போகிறது. சர்வரில் ஏதோ கோளாறு, கொஞ்சம் பாருங்கள்" என்று மறுபடியும் ஒருவர். சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. அனுப்பிய மெயில்களுக்கு என்ன ஆனது என்று பதிவாகும் லாக்கைத் திறந்தால் வரிசையாக 550 5.1.1, அதாவது அப்படி ஒரு முகவரியே இல்லை. கொஞ்சம் கீழே போனால் ஜிமெயிலின் 550 5.7.1, அதாவது ஸ்பேம் என்று சந்தேகித்து வாங்க மறுத்துவிட்டது. மெயில் சர்வர் தொழிலில் இருப்பவர்கள் அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. "லிஸ்ட் எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பதிலே இல்லை.

பிறகு வந்தது அந்த வழக்கமான வாதம். "பத்தாயிரம் பேருக்குப் போட்டால் நூறு பேராவது வாங்க மாட்டார்களா? பிடிக்காதவர்கள் டெலீட் செய்துவிட்டுப் போகட்டுமே!"

இந்தக் கடைசி வரியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டெலீட் செய்ய மாட்டார்கள் ஐயா. உங்களை யாரென்றே தெரியாதவர் ஸ்பேம் பட்டனைத்தான் அழுத்துவார். ஜிமெயில் அதை எண்ணிக்கொண்டே இருக்கிறது. புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்பது அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் அளவு. ஆயிரம் பேரில் மூன்றே பேர் எரிச்சல்பட்டால் போதும், எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். போதாக்குறைக்கு, விற்பனைக்கு வரும் லிஸ்ட்டுகளில் ஸ்பேம் பிடிப்பதற்கென்றே வைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஆளே கிடையாது. அங்கே உங்கள் மெயில் போய் விழுந்தால், கேட்காதவருக்கு அனுப்பினீர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கெட்டுப்போவது அந்த ஒரு மெயிலின் பெயர் அல்ல, உங்கள் டொமைனின், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியின், நற்பெயர். இன்வாய்ஸ், கொட்டேஷன், ஆர்டர் உறுதி எல்லாம் அதே டொமைனிலிருந்துதானே போகின்றன?

"காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்பார்கள். விற்றவர் கொடுத்தது முகவரியை. சம்மதத்தை அவரால் விற்க முடியாது. பெயருள்ள மெயில் சேவைகள் பெரும்பாலும் விலைக்கு வாங்கிய லிஸ்ட்டை விதிமுறையிலேயே தடுத்திருக்கின்றன, கணக்கையே முடக்குவார்கள். ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கு அனுப்பினால் 2018 முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்களைக் கேளுங்கள். நாற்பது பேர் சரி என்றால் நாற்பது பேருக்கு அனுப்புங்கள். பதிவுப் படிவத்தில் சம்மத டிக்கை நீங்களே போட்டு வைக்காதீர்கள். பதிவானதும் ஓர் உறுதி மெயில் போகட்டும், அதைக் கிளிக் செய்தவர் மட்டுமே லிஸ்ட்டில். பிசிசியில் (பெறுவோர் யாரென்று மற்றவருக்குத் தெரியாத பெட்டியில்) எல்லா முகவரிகளையும் மொத்தமாகப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சொந்த டொமைனில் போட்டுவிடுங்கள். எப்படி என்று உங்கள் மெயில் சேவையின் உதவிப் பக்கத்திலேயே இருக்கும். நாளுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றும் கட்டாயம். சின்னக் கடைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், முதல் இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் வேண்டும்.

இனி மெயில் வேண்டாம் என்று விலகுவதற்கான அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒளித்து வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். போகிறவரை விட்டுவிடுங்களேன்! வழி தெரியாதவர் கை நேராக ஸ்பேம் பட்டனுக்குத்தான் போகும். ஒளிக்காமலே ஒளிந்துபோவதும் உண்டு: மெயிலின் எச்டிஎம்எல் குறியீடு 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிடும், அடியில் இருக்கும் அந்த லிங்க்கும் சேர்ந்து போய்விடும். டிசைனர் போட்டுத் தரும் பிரம்மாண்டமான டெம்ப்ளேட்களில் அடிக்கடி பார்க்கிறேன்.

எத்தனை சதவீதம் பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று காட்டும் ஓபன் ரேட்டைப் பார்த்துப் பூரிக்கவும் வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த பாதுகாப்பு வசதியால், ஆள் திறக்காத மெயிலும் திறந்ததாகப் பதிவாகிறது. கிளிக்கையும் பதில்களையும் பாருங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? இன்றே நிறுத்துங்கள். சமீபத்தில் உங்களுக்குப் பதில் எழுதியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி, மெயில் அனுப்புவோருக்காகக் கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் தளத்தில் புகார் விகிதம் இறங்குகிறதா என்று கவனியுங்கள். வாரக்கணக்கில் ஆகும். புது டொமைன் வாங்கி அதே லிஸ்ட்டுக்கு அனுப்பலாமா என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். நேற்றுப் பிறந்த டொமைனை யாரும் நம்ப மாட்டார்கள், அது இன்னும் சீக்கிரமாகவே மாட்டிக்கொள்ளும்.