தண்ணீர் வடிந்த பிறகும் ரயில் ஏன் ஓடுவதில்லை?

புயல் கடந்த மூன்றாம் நாள் வெயில் அடிக்கும். பிளாட்பாரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் தண்டவாளம் காய்ந்து கிடக்கும். பக்கத்துச் சாலையில் பேருந்து ஓட ஆரம்பித்திருக்கும். ரயில் மட்டும் வராது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு, இன்னும் என்ன பண்றாங்க?" என்று கேட்பவர் மேல் தப்பே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உண்மையிலேயே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நான் சிக்னல் பராமரிப்பில் வேலை செய்கிறவன். புயலுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைக்கும் வேலையில் பெரும்பகுதி பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடங்களில்தான் நடக்கும். அந்த இடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால், "நாளை ஓடும்" என்ற அறிவிப்பை எப்போது நம்பலாம், எப்போது சந்தேகப்படலாம் என்று நீங்களே கணித்துவிடலாம்.

முதலில் தரை. தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் என்ற குறுக்குக் கட்டை, அதற்கு அடியில் ஜல்லி, அதற்கும் அடியில் மண்கரை. வெள்ளம் கரையைக் குறுக்காகத் தாண்டும்போது மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். 2014 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டாலிஷ் என்ற கடலோர ஊரில் கடற்சுவர் உடைந்தபோது அப்படித்தான் ஆனது. அந்தப் பாதை மீண்டும் திறக்க ஏப்ரல் 4 ஆகிவிட்டது. வேலை நடக்கும்போதே அடுத்த அலை அடித்துவிடக் கூடாது என்று கப்பல் கன்டெய்னர்களைக் கல்லால் நிரப்பி வரிசையாக வைத்துத் தற்காலிகத் தடுப்பு கட்டினார்கள். இந்த வகைச் சேதம் பெரிதாக இருந்தாலும் ஒரு விதத்தில் நேர்மையானது. படம் எடுத்துப் போட்டால் எல்லோருக்கும் புரியும், யாரும் "ஏன் ரயில் விடல" என்று கேட்க மாட்டார்கள்.

புரியாத சேதம் வேறு. ஜல்லியின் முக்கிய வேலைகளில் ஒன்று தண்ணீரை வடிய விடுவது. வெள்ளம் கொண்டுவந்த சேறு ஜல்லிக்கு இடையில் அடைத்துக்கொண்டால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதன்மேல் ரயில் ஏறி இறங்க ஏறி இறங்க, சேறு மேலே பிதுங்கி வரும், தண்டவாளத்தின் மட்டம் கோணும். ஜல்லியைச் சலித்து, குறைந்த இடத்தில் புதிதாகக் கொட்டி, டேம்பிங் மெஷினை ஓட்டி இறுக்கும் வரை அங்கே ரயில் மெதுவாகத்தான் போகவேண்டும். சேவை திரும்பியதும் ரயில் ஊர்ந்து போவதன் காரணம் பல இடங்களில் இதுதான்.

பாலங்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தூணின் அடிவாரத்து மண் அரிக்கப்பட்டுக் குழி விழும். தண்ணீர் குறையக் குறைய அதே குழியைப் புது வண்டல் வந்து மூடிவிடும். வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் ஆற்றுப்படுகை பழையபடி சமமாகத் தெரியும். ஆனால் அந்த வண்டல் தூணைத் தாங்காது. அதனால்தான் பாலத்தைப் பார்வையிட்டு வந்த பொறியாளர் உடனே கையெழுத்துப் போடாமல் ஆழம் அளக்க ஆள் அனுப்புகிறார். அவரை அவசரப்படுத்துகிற மேலதிகாரி இருந்தால் அந்த இடத்தில் நான் பொறியாளர் பக்கம்தான்.

சரி, இப்போது என்னுடைய துறைக்கு வருகிறேன்.

ஒரு ரயில் எங்கே நிற்கிறது என்பது சிக்னலுக்கு எப்படித் தெரிகிறது? பழைய, இன்றும் பல இடங்களில் இருக்கிற முறை மிக எளிமையானது. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு தண்டவாளங்கள் வழியாகச் சிறிய அளவில் மின்சாரம் அனுப்புவோம். மறுமுனையில் ஒரு ரிலே, அதாவது மின்சாரம் வந்தால் தூக்கி, நின்றால் விழும் சுவிட்ச், அந்த மின்சாரத்தால் தூக்கி நிற்கும். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், மின்சாரம் ரிலேவுக்குப் போகாது, ரிலே விழும், பின்னால் சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், பேட்டரி செத்தாலும், தண்டவாளமே முறிந்தாலும் பெரும்பாலும் ரிலே விழுந்துவிடும். எந்தக் கோளாறு வந்தாலும் ரயிலை நிறுத்தும் பக்கமே சாயவேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை விதி.

இதே நல்ல குணம் புயலுக்குப் பிறகு எங்கள் கழுத்தைப் பிடிக்கும். ஈரமான, சேறு படிந்த ஜல்லி வழியாக ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கசியும். கடல்நீர் நனைத்திருந்தால் கசிவு இன்னும் அதிகம். ரிலே விழுந்தே கிடக்கும். ஒரு ரயிலும் இல்லாத பாதை முழுக்க ரயில் நிற்பதாகக் கட்டுப்பாட்டுத் திரையில் சிவப்பாகக் காட்டும். சிக்னல் இல்லாமலும் ரயில் விடலாம். ஸ்டேஷன் மாஸ்டர் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுப்பார், முன்னால் போன ரயில் அடுத்த நிலையத்தை அடைந்தது உறுதியான பிறகே அடுத்தது கிளம்பும். தொலைதூர ரயிலுக்கு இது சமாளிக்கக்கூடிய ஏற்பாடு. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் புறநகர்ப் பாதையில் இப்படிச் செய்தால் வழக்கமான கூட்டத்தில் சிறு பகுதியைக்கூடக் கொண்டுபோக முடியாது. "ரயில் ஓடுகிறது" என்று தலைப்புச் செய்தி வரும், பிளாட்பாரத்தில் நெரிசல் வரும். சில நாட்களில் ஓட்டாமல் இருப்பதே நல்லது என்று சொல்வதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை.

மழைத் தண்ணீருக்கும் கடல்நீருக்கும் எங்கள் கணக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பத் தண்டவாளத்தை நகர்த்தும் மோட்டார் பெட்டிக்குப் பாயிண்ட் மெஷின் என்று பெயர். மழைநீர் புகுந்த பாயிண்ட் மெஷினைத் திறந்து, துடைத்து, உலர்த்தி, மின்காப்பு எவ்வளவு இருக்கிறது என்று மெகர் கருவியால் அளந்து, பல நேரம் திரும்ப மாட்டிவிடலாம். கடல்நீர் புகுந்ததை முதலில் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். நனைந்து கிடக்கிற கருவியை இன்னும் நனைப்பதா என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். கழுவாமல் உலர்த்தினால் உப்பு உள்ளேயே தங்கிவிடும், செம்பைத் தின்னும். உப்புக்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் இருப்பதால், அன்று நன்றாக வேலை செய்த பெட்டி மாதங்கள் கழித்து ஒரு புழுக்கமான காலையில் திடீரென்று படுக்கும். சிக்னல் ரிலே போன்ற நுண்ணிய சாமான்களைக் கழுவிக் காப்பாற்ற நினைப்பதைவிட மாற்றிவிடுவதே மேல். ஆனால் மாற்றுவதற்குக் கையிருப்பு வேண்டும். கடையில் போய் வாங்கி வரும் சாமான் இல்லை அது.

மின்சாரத்திலும் தெரியாத பக்கம் ஒன்று உண்டு. மேல்நிலைக் கம்பியில் விழுந்த மரத்தை வெட்டுவது எல்லோரும் பார்க்கிற வேலை. அந்தக் கம்பிக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையம் தாழ்வான நிலத்தில் மூழ்கியிருந்தால் மரம் வெட்டி என்ன பயன்? 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூஜெர்சியில் கரையேறியபோது கியர்னி என்ற இடத்தில் அமெரிக்காவின் தொலைதூர ரயில் நிறுவனமான ஆம்டிராக்கின் துணைமின் நிலையம் ஒன்று மூழ்கியது. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கங்களிலிருந்து தண்ணீரை இறைத்து முடித்த பிறகும், போதிய மின்சாரம் இல்லாததால் நியூயார்க்குக்குள் வழக்கத்தைவிடக் குறைந்த ரயில்களையே விட முடிந்தது.

மீட்புக்கு எத்தனை நாள் ஆகும் என்பதில் பெரும்பகுதி புயல் வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஆட்கள் இரவு பகலாக உழைத்துச் சேர்த்துத் தரும் நேரம் அதற்கு அடுத்தபடிதான். உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக என் சக ஊழியர்களே கோபிப்பார்கள், இருந்தாலும் இதுதான் என் கருத்து.

சாண்டியையே பாருங்கள். நியூயார்க் மாநகரப் போக்குவரத்து ஆணையம் முந்தைய நாள் மாலை 7 மணிக்கே சுரங்க ரயிலை நிறுத்தத் தொடங்கியது, தாழ்வான யார்டுகளிலிருந்து ரயில்களை மேட்டு நிலத்துக்கு நகர்த்தியது. நவம்பர் 1 அன்று பாதிப் பாதைகளிலாவது ஓட்ட அவர்களிடம் ரயில் இருந்தது. அதே புயலில் பக்கத்து மாநிலத்தின் புறநகர் ரயில்களை ஓட்டும் நியூஜெர்சி டிரான்சிட் தன் ரயில்களில் பலவற்றைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய யார்டிலும் ஹோபோகனிலும் நிறுத்தியிருந்தது. எஞ்சின்களும் பெட்டிகளுமாக முந்நூறுக்கும் மேல் நனைந்தன. புறநகர்ப் பெட்டிகளில் மோட்டார், பிரேக் கருவி என்று முக்கியமான பலவும் தரைக்கு அடியில் தொங்குபவை. பயணிகள் உட்காரும் இடத்துக்குத் தண்ணீர் ஏறவே வேண்டியதில்லை.

ஜப்பானிலேயே இது நடந்திருக்கிறது. 2019 அக்டோபர் 13 அன்று ஹகிபிஸ் சூறாவளியின் மழையில் சிகுமா ஆற்றுக் கரை உடைந்து, நாகானோவில் புல்லட் ரயில் யார்டு மூழ்கியது. 10 ரயில்கள், 120 பெட்டிகள். எல்லாவற்றையும் உடைத்துப் போட முடிவு செய்தார்கள். கூடவே யார்டில் இருந்த சிக்னல் மின்கருவிகளும் நாசமானதால், அந்தப் பாதை முழுவதும் ரயில் ஓட அக்டோபர் 25 ஆனது. அப்போதும் குறைந்த ரயில்கள்தான், ஏனென்றால் ஓட்டுவதற்குப் பெட்டி இல்லை.

அதனால் உங்கள் ஊர் ரயில் நிர்வாகத்திடம் கேட்கவேண்டிய கேள்வியைப் புயலுக்கு முந்தைய வாரத்தில் கேளுங்கள். ரயில்களை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்? அந்த யார்டு வெள்ள வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது? தாழ்வான இடத்துப் பாயிண்ட் மெஷின் மோட்டார்களைக் கழற்றி மேலே வைப்பீர்களா? சேவையை எப்போது நிறுத்துவீர்கள்? முன்கூட்டியே நிறுத்தினால் மக்கள் திட்டுவார்கள் என்று பயந்து கடைசி நிமிடம் வரை ஓட்டினால், ரயில்களை நகர்த்தவும் ஊழியர்கள் வீடு போய்ச் சேரவும் நேரம் கிடைக்காது. வானம் வெளுத்திருக்கும்போதே ரயில் நிற்கும் என்று அறிவிப்பு வந்தால் எரிச்சல்படாதீர்கள். வேலை தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எந்தப் பாதையை முதலில் திறப்பது என்பதில்தான் பொதுமக்களுக்கும் எங்களுக்கும் அதிகம் உரசல். கூட்டம் அதிகமுள்ள பாதையை முதலில் திறக்கவேண்டும் என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் டிப்போவுக்கும் யார்டுக்கும் போகும் பாதை முதலில் வேண்டும். ஜல்லி கொண்டுவரும் வண்டியும் கம்பி சரிசெய்யும் வண்டியும் அதில்தான் வரவேண்டும். ஒரு பயணிகூடப் போகாத பாதையில் நாள் முழுக்க வேலை நடக்கிறதே என்று நினைக்கும் அதே நாளில்தான் மற்ற பாதைகளுக்கான வழி திறக்கிறது. பிறகு பாதித் தூரம் மட்டும் ஓட்டலாமா என்ற கேள்வி. ரயில் திரும்புவதற்குக் குறுக்குப் பாதையும், திரும்பும் நிலையத்தில் கூட்டத்தைத் தாங்கும் இடமும் இருந்தால் ஓட்டலாம். மீதித் தூரத்துக்குப் பேருந்து விடுவார்கள். புருக்ளினிலிருந்து மன்ஹாட்டனுக்கு விட்ட பேருந்துகளுக்கு 2012 நவம்பர் 1 அன்று வரிசை தெருக்களைச் சுற்றி நீண்டது. ஒரு ரயில் கூட்டத்தை ஏற்றப் பத்துப் பேருந்தும் போதாது.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சேவை நிறுத்தப்பட்ட நாட்களில் தண்டவாளத்தில் நடக்காதீர்கள். "ரயில்தான் ஓடலையே" என்று குறுக்கு வழியாக வேலைக்குப் போகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். பயணிகள் ரயில் இல்லை, அவ்வளவுதான். சோதனை வண்டி, ஜல்லி வண்டி, டீசல் எஞ்சின் எல்லாம் நேர அட்டவணை இல்லாமல், எந்தத் திசையிலிருந்தும், எந்தப் பாதையிலும் வரும். கேட்டில் மணி அடிக்கும் என்று நம்பவும் முடியாது, அதற்கும் மின்சாரம் வேண்டுமே. அறுந்து தொங்கும் கம்பியை மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று நினைத்து ஒதுக்கப் போகவே கூடாது. பக்கத்தில் உயிரோட்டமுள்ள கம்பி இருந்தால், துண்டித்த கம்பியிலும் தூண்டலால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் ஏறும். எங்கள் ஆட்களே மின்சாரத்தை நிறுத்தி, அதற்கு எழுத்தில் அனுமதி வாங்கி, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் செய்த பிறகுதான் கை வைப்பார்கள். கம்பி கிடப்பதைப் பார்த்தால் தள்ளி நின்று, பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து நிலையத்துக்குச் சொல்லுங்கள். அந்த எண் எங்களுக்கு முகவரி மாதிரி. நேரே அந்த இடத்துக்கே வந்துவிடுவோம்.

சேவை முழுதாகத் திரும்பிவிட்டது என்ற அறிவிப்புக்குப் பிறகும் வேலை முடிவதில்லை. சுரங்கங்களில் உப்பு தங்கிவிடுகிறது, கான்கிரீட்டுக்குள்ளும் கேபிளுக்குள்ளும் போய்விடுகிறது. நியூயார்க்கில் 2009-ல் திறந்த சவுத் ஃபெர்ரி சுரங்க நிலையம் சாண்டியில் மூழ்கிய பிறகு 2017 ஜூனில்தான் திரும்பத் திறந்தது. லாங் ஐலண்ட் புறநகர் ரயில்களும் ஓடும் கிழக்கு ஆற்றுச் சுரங்கங்கள் 1910-ல் திறக்கப்பட்டவை. புயல் முடிந்த சில நாட்களில் ரயில் விட்டுவிட்டார்கள். ஆனால் நனைந்த சுரங்கக் குழாய் ஒன்றைக் காலி செய்து, உள்ளே இருப்பதைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகக் கட்டும் வேலை 2025-ல்தான் தொடங்கியது. அந்த ஆண்டில் சில ரயில்கள் குறைக்கப்பட்டபோது பயணிகளில் பலர் காரணத்தைக் கேட்டிருப்பார்கள். 13 வருடத்துக்கு முந்தைய ஒரு புயல் என்பதுதான் சரியான பதில்.