டயர் தேய்மானம்: 1.6 மில்லிமீட்டர் விதியும் அது சொல்லாத பழுதுகளும்

கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால், அந்த டயரோடு சாலையில் ஓட்டுவது விதிமீறல். இந்தியா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எனப் பல இடங்களிலும் பயணிகள் காருக்கு இதே அளவுதான். புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். மழையில் டயருக்கும் சாலைக்கும் நடுவே சேரும் நீரை வெளியே தள்ளுவது இந்தப் பள்ளங்கள்தான். ஆழம் குறைந்தால் வேகத்தில் டயர் நீரின்மேல் மிதந்து ஓடும். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வண்டி கட்டுப்படாது. ஆகவே 1.6 வரை காத்திருக்க வேண்டாம். 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முக்கியப் பள்ளங்களின் அடியில் குறுக்காக, அதே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்பதை டயரின் பக்கவாட்டில் ஒரு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. (TWI, தேய்மானக் குறி) என்ற எழுத்துகளோ காட்டும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

இந்த விதி ஆழத்தை மட்டுமே பார்க்கிறது. ஏன் தேய்ந்தது என்று கேட்பதில்லை. பிரிட்டனில் டயர் அகலத்தின் நடு முக்கால் பங்கில்தான் அந்த ஆழம் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஓரம் மட்டும் மொட்டையான டயர்கூட ஆழக் கணக்கில் தேறிவிடலாம். ஆனால் வண்டியின் பழுது முதலில் தெரிவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. இவை எளிதில் சரியாகும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ வண்டியின் கையேட்டிலோ உள்ள அளவுக்குக் காற்றைச் சரிசெய்தால் போதும். பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அந்த அளவுக்குக் காற்று நிரப்பக் கூடாது.

ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரங்களின் கோணம் பிசகியிருக்கிறது, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அது அடிக்கடி பிசகினால் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரங்களை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பில், ஏதோ ஒரு பாகம் தளர்ந்திருக்கலாம். மேற்பரப்பைக் குறுக்காகக் கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்லாகவும் பட்டால் அதுவும் கோணக் கோளாறே. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்க வேண்டும். வீல் பேலன்சிங்கையும், அதாவது சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சீராக இருக்கிறதா என்பதையும், பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் தட்டையாக இருந்தால், பிரேக் பிடித்தபோது சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கிறது.

பலர் தவறவிடுவது உள் ஓரத்தை. நின்று பார்த்தால் அது தெரியாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, என்ஜினை அணைத்துப் பாருங்கள். பின் டயர்களுக்கு டார்ச் அடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். ரப்பர் தேய்ந்து டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே தெரியலாம் என்பதால், கண்ணால் பார்த்த பிறகே கையால் தடவ வேண்டும். கம்பி தெரிந்தால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரில் ஓட்டக் கூடாது.

தேய்ந்த டயரைக் கழற்றியதும் உடனே அதைக் கொடுத்துவிடாதீர்கள். எந்தச் சக்கரத்தில் இருந்தது, எந்தப் பக்கம் தேய்ந்தது என்று மெக்கானிக்கிடம் அதைக் காட்டிக் கேளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அதே இடத்தில் தேயும்.