பத்தாயம் போல ஓர் அருங்காட்சியகம்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கு வரைபடம் கேட்டுக் கட்டடக் கலைஞர்களான எங்களிடம் வந்தவர்கள், நெல்மணி வடிவில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு படத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். டெல்டா என்றால் நெல். கட்டடத்தைப் பார்த்ததுமே அது தெரிய வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

நிலத்தைப் போய்ப் பார்த்தோம். சித்திரை மாதம், களிமண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பக்கத்து வயல்காரப் பெரியவர் எங்களைத் தம் பம்புசெட் கொட்டகைக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. "கார்த்திகையில் தண்ணீர் இதுவரை நிற்கும், தம்பி. மேலே இருக்கிற ஊர்த் தண்ணீரெல்லாம் இந்த வடிகால் வழியாகத்தான் போக வேண்டும்" என்றார். அந்த வடிகாலின் மேல்தான் எங்கள் படத்தில் கார் நிறுத்துமிடம் வரையப்பட்டிருந்தது.

நிலத்திலிருந்து ஊக்கம் பெற்ற கட்டடம் என்று எல்லோரும் பேசத் தொடங்கியிருப்பது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நெல், தாமரை, அலை என்று நிலத்தின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் குணத்தை விட்டுவிடுகிறோம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு இல்லை. இங்கே மழைத் தண்ணீர் ஊர்ந்துதான் கடலுக்குப் போகிறது. குறுக்கே ஒரு மதில் எழுந்தால் மேலண்டைப் பக்கத்துப் பயிர் அழுகும்.

"கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி" என்று திருவாரூரில் சொல்வார்கள். ஒரு வேலி 20 மா, ஏறத்தாழ 6.6 ஏக்கர். கட்டடத்துக்கு எவ்வளவோ அவ்வளவு குளத்துக்கு, ஓடைக்கும் அதே அளவு. இதைவிடத் தெளிவான நிலப் பங்கீட்டை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. ஐந்து வேலிக்கு நாங்கள் எங்கே போவது? கையிலிருந்தது மூன்று ஏக்கர். அதில் பள்ளமான ஒரு ஏக்கரைக் குளத்துக்கு விட்டோம். வெட்டிய மண்ணைக் கொண்டு வடிகாலை விட்டு விலகிய பக்கத்தில் கட்டடத்துக்கு மேடான திடல் எழுப்பச் சொன்னேன். ஒரே பெரிய கூடத்துக்குப் பதிலாக நான்கு சிறிய கூடங்கள். அவற்றை இணைக்க ஒரு நீண்ட தாழ்வாரம். கூரைத் தண்ணீர் குளத்துக்குப் போகும், குளம் நிறைந்தால் மதகு வழியாக வடிகாலுக்கு.

கட்டடத்துக்குள் வைக்கப்போகும் பொருட்களும் இந்த நிலத்தின் பிள்ளைகள்தாம். செப்புத் திருமேனி வார்க்க, சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவின் மேல் பூசுவது காவிரி வண்டல். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் நாம் வியந்து நிற்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர். நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த செப்புத் திருமேனிகள் வெளியே வந்தபின் கெடுவது பலருக்கு வியப்பாக இருக்கும். உலோகத்தில் ஏறியிருக்கும் குளோரைடு உப்பு, ஈரக் காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்குகிறது. வெளிர்பச்சைப் பொடி பூத்து உலோகத்தை அரிக்கிறது. ஓலைச்சுவடிக்கு வேறு கவலை: பூஞ்சை, பூச்சி, மிகை வெளிச்சம். அதற்கு 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளி போதும். கண்ணாடிக் கூரையின் கீழ் அதைக் கற்பனை செய்யவே மனம் பதறுகிறது.

ஏசி இருக்கிறதே என்பார்கள். காலை பத்து மணிக்குப் போட்டு மாலை ஐந்து மணிக்கு நிறுத்தும் ஏசிதான் என் பெரிய அச்சம். பகலில் உலர்ந்து சுருங்கும் ஓலை இரவில் ஈரம் குடித்து விரிகிறது. நாள்தோறும் இப்படி அலைக்கழிக்கப்பட்டால் அது விரிசல் விடும். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் மெல்ல மாறினால் பெரும்பாலான பொருட்கள் தாங்கிக்கொள்ளும். பச்சைப் பொடி பூத்து நோய்ப்பட்ட செம்புக்கு மட்டும் இன்னும் உலர்ந்த தனிப் பெட்டி வேண்டும்.

இதற்கு வழி தேடியபோது என் பாட்டி வீட்டுப் பத்தாயம் நினைவுக்கு வந்தது. கால் வைத்த மரப்பெட்டி, தரையைத் தொடாது. சுவரை ஒட்டாமல் உள்ளறையில் நிற்கும். வெளியே அடைமழை பெய்தாலும் உள்ளே நெல் உலர்வாக இருக்கும். பொருட்களைப் பாதுகாக்கும் காப்பறையை அப்படியே வரைந்தேன்: முதல் தளத்தில், வெளிச்சுவர் எதையும் தொடாமல், சுற்றிலும் நடைவழி விட்டு, அறைக்குள் அறையாக. மேலே வெயிலை வாங்கிக்கொள்ள இன்னொரு கூரை. உள்ளே மர அலமாரிகள். மரம் ஈரத்தை வாங்கியும் விட்டும் மாற்றத்தைத் தணிக்கும். கல்சிலைகள் தாழ்வாரத்தில், சுடுமண் அடுத்த கூடத்தில், செம்பு அதற்கும் உள்ளே, ஓலை நடுவில்.

பொருட்காப்புக்கு நிலவறை போதும் என்று முதலில் கேட்டார்கள். 2016 ஜூன் மாதம் சேன் நதி பெருகியபோது பாரிஸின் லூவர் அருங்காட்சியகமே கதவடைத்து, நிலத்தடி அறைகளிலிருந்த கலைப்பொருட்களை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு ஆள்பலம் நமக்கு ஏது?

ஓட்டுக்கூரை அழகுதான், மழைச்சாரலைத் தடுக்கும் ஆழமான இறவாரமும் வேண்டும். ஆனால் கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறியபோது ஓடும் தகரமும் பறந்ததைப் பார்த்தவன் நான். அதனால் காப்பறையின் மேல் கான்கிரீட் தளம். தாழ்வாரத்தில் மட்டும், கம்பியால் கட்டிய ஓடு. பழமையின் மேல் உள்ள பாசத்தால் சுவடிகளைப் பணயம் வைக்கக் கூடாது.

நெல்மணிக் கூரையை விட்டுக்கொடுக்கச் சிலருக்கு மனமில்லை. வடிகாலைத் தொட வேண்டாம் என்பதைப் பெரியவரே கூட்டத்துக்கு வந்து பேசிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். இப்போது குளம் வெட்டியாகிவிட்டது. திடலின் புது மண் இறங்கிப் படிய ஒரு மழைக்காலமாவது வேண்டும். அடித்தளத் தூண்கள் அந்த மண்ணைக் கடந்து, வெடித்து விரியும் களிமண்ணுக்கும் கீழே இறங்க வேண்டும். கார்த்திகை முடிந்ததும் திடலிலும் கொட்டகைச் சுவரிலும் நீர்மட்டத்தை அளந்துவிட்டுத்தான் தரை உயரத்தைக் குறிக்கப்போகிறோம்.